இரண்டு இஞ்சின்களை இணைத்த வருஷம்

கூடாரமலை எஸ்டேட்டில் இரண்டு இஞ்சின்களையும் இணைத்த மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு, பங்களா வரவேற்பறையில் பூச்சாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த துரைசாணியின், அதாவது எஸ்டேட் துரையின் மனைவியின், தலையில் பதினாறு கிலோ பச்சைக் கொழுந்து ஏறியது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, கூரையிலிருந்து எதுவும் விழவில்லை. ஆனால் கழுத்து உள்ளே இறங்கியது, முதுகு வளைந்தது, கையிலிருந்த பூக்கள் தரையில் சிதறின, அந்த அம்மாள் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து சமையற்காரரைக் கூப்பிட்டார். அதே நேரத்தில் ஆபீஸில் பெரிய கிளார்க் நாற்காலியிலிருந்து எழப்பார்த்து எழ முடியாமல் உட்கார்ந்தார், கிளப்பில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த நாலு பேரும் ஒரே சமயத்தில் மேஜைமேல் குனிந்தார்கள். அப்போது மலையில், ஒன்பதாம் நம்பர் ஏற்றத்தில், நாங்கள் அறுபத்திநாலு பெண்கள் எடைக் கொட்டகைக்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். என் சாக்கு தராசில் முப்பத்திரண்டு காட்டியது. தலையில் பதினாறுதான் இருந்தது.

இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன், சாந்தமாகச் சொல்ல எனக்கு வராது. என் பெயர் தங்கபுஷ்பம், முப்பது வருஷம் அந்த மலையில் கொழுந்து எடுத்தவள். எனக்கு இடது பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள் முத்துக்கனி. அவள் வீட்டுக்காரர் ஞானசிகாமணிதான் இஞ்சின் ரூம் ஆப்பரேட்டர். தொழிலாளிகள் குடியிருக்கும் லைனில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக முத்துக்கனி அழுததை நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன், இரண்டும் அவளுக்குப் பிள்ளை வயிற்றிலேயே போன நாட்கள், முதலாவது ஆறு மாதத்தில், இரண்டாவது ஏழு மாதத்தில், இரண்டும் ஒன்பதாம் நம்பர் ஏற்றத்தில் சாக்கோடு ஏறும்போது. இது நடந்த வருஷம் அவள் மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தாள். ஃபேக்டரியில் உட்கார்ந்து காம்பு பொறுக்கும் வேலைக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லி ஆபீஸுக்குப் போய்க் கேட்டாள்.

"புள்ள பெக்குறது உன் சொந்த விஷயம்மா. கொழுந்துதான் எஸ்டேட் விஷயம்," என்றார் பெரிய கிளார்க், தலையை நிமிர்த்தாமலே.

எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்தில், வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் பெயரில் வழியோரம் ஒரு சுமைதாங்கிக் கல் நடுவார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்து, தோள் உயரத்துக்கு. வழியில் போகிறவர்கள் அடுத்தவர் கை பிடிக்காமலே தலைச்சுமையை அதன்மேல் இறக்கி மூச்சு வாங்கும்போது, இறக்க முடியாத சுமையோடு போய்விட்ட அவளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை. எங்களோடு வேலை பார்த்த வேலம்மாள் எட்டு மாதத்தில் அதே ஒன்பதாம் நம்பரில் சாக்கோடு விழுந்து போய்ச் சேர்ந்தபோது, அவள் பெயரில் ஒரு கல் நட இடம் கேட்டுப் போனோம். நாலு தேயிலைச் செடியைப் பிடுங்க வேண்டிவரும் என்று துரை முடியாது என்றார். நாலு செடி. முத்துக்கனி மூன்றாவது முறை உண்டானதிலிருந்து அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம், அடுத்த கல்லை எவள் பெயரில் கேட்கப் போகிறோமோ என்று அவள் கால் வைக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு ஏறுவேன்.

அந்த வருஷம் ஆடி மழை மலையை உடைத்து, அடிவாரத்திலிருந்து கரண்ட் கொண்டுவந்த கம்பங்களை வரிசையாகப் பள்ளத்தில் தள்ளியது. எஸ்டேட்டுக்குச் சொந்தமாக இரண்டு டீசல் இஞ்சின்கள் இருந்தன. பச்சைப் பெயிண்ட் அடித்த இஞ்சின் ஃபேக்டரிக்கும் லைனுக்கும். வெள்ளைப் பெயிண்ட் அடித்தது பங்களாவுக்கும் ஆபீஸுக்கும் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்கும் கிளப்புக்கும். ஒரே தகரக் கொட்டகையில் நாலடி தள்ளி நின்றாலும் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஒன்றின் கரண்ட் மற்றதன் கம்பியில் ஓடியதே இல்லை. பச்சை இஞ்சின் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு கொழுந்து அரைக்கும் உருளைகளை இழுத்தது, அதற்குப் பாரம் குறைய வேண்டுமென்று லைனில் ஏழு மணிக்கே விளக்கைப் பிடுங்கினார்கள், எங்கள் பிள்ளைகள் இருட்டில் சோற்றைத் தடவித் தின்றார்கள். வெள்ளை இஞ்சின் பங்களா வெந்நீரையும் துரைசாணியின் மீன்தொட்டியையும் பார்த்துக்கொண்டு சொகுசாகச் சுற்றியது. ஆவணியில் கொழுந்து குவிந்து, பச்சை இஞ்சின் ஒற்றை ஆளாக இழுக்க முடியாமல், ஃபேக்டரித் தரையில் கொழுந்து சூடேறி நாற ஆரம்பித்த பிறகுதான் துரைக்கு இரண்டு இஞ்சினையும் சேர்த்து ஓட்டும் யோசனை வந்தது. பிள்ளைகள் இருட்டில் தின்றபோது அந்த யோசனை வரவில்லை, அதை மட்டும் நீங்கள் மறக்காமல் இருந்தால் போதும்.

"சேக்குறதுன்னா கம்பியோட கம்பிய முறுக்கி விடுற வேலையில்ல மதினி," என்று ஞானசிகாமணி அன்று எங்கள் வாசலில் நின்று சொன்னார். "ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தணும், ஒரே அழுத்தத்துல கரண்ட் குடுக்கணும். ஒண்ணு ஏறுறப்ப மத்ததும் ஏறணும், எறங்குறப்ப கூடவே எறங்கணும். மூணு கம்பியும் ஒரே வரிசையில இருக்கணும். இதுல ஒண்ணு தப்பிருச்சுன்னா, சுவிட்சப் போட்ட ஒடனே ஒண்ண ஒண்ணு புடிச்சு ஒரு குலுக்கு குலுக்கும், தண்டு முறிஞ்சிரும். ஆனா சரியா சேந்திருச்சுன்னு வைங்க, பெறகு ரெண்டு இஞ்சின்னு கெடையாது. நான் தனியா ஓடிக்கிறேன்னு ஒண்ணு நெனச்சாலும் மத்தது விடாது. சுமை ரெண்டுக்கும் பொது."

சுவிட்சுக்கு மேலே மூன்று பல்புகளைத் தொங்கவிட்டிருந்தார். இரண்டு இஞ்சினுக்கும் நடுவே வித்தியாசம் இருக்கும்வரை அவை எரிந்து எரிந்து அணையும். முதல் நாள் அவை ஒன்றாக அணையாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிப்பிடித்து விளையாடின. கம்பிகளின் வரிசை மாறியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். வெள்ளை இஞ்சினின் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் சரியாகிவிடும் என்று ஞானசிகாமணி சொன்னார். பங்களாக் கம்பியில் கை வைக்கவே கூடாது, மாற்றுவதாக இருந்தால் பச்சையில் மாற்று என்றார் துரை. மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வாய் திறந்தவரைக் கையமர்த்தினார். சொன்னபடியே பச்சையில் மாற்றினார்கள், ஃபேக்டரியில் மோட்டார் எல்லாம் பின்பக்கமாகச் சுற்றி, உருளைகள் தின்ற கொழுந்தைத் திருப்பித் துப்பின, அரைமணி நேரம் ஃபேக்டரிக்குள் கொழுந்து மழை. அதன்பிறகு ஞானசிகாமணி பச்சையை இருந்தபடி வைத்துவிட்டு, வெள்ளையின் கம்பிகளைச் சத்தமில்லாமல் மாற்றினார், பங்களாவின் தண்ணீர் மோட்டாருக்கும் ஒரு மாற்று மாற்றிவைத்தார். துரை சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தால் என்ன நடக்கும் என்று அவர் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலம் நாலரைக்கு மூன்று பல்புகளும் ஒன்றாகப் பளிச்சென்று எரிந்து ஒன்றாக மங்கின. வெள்ளை இஞ்சினின் வேகத்தை அவர் ஒரு பொட்டு கூட்டி, ஒரு பொட்டு குறைத்து, அந்த எரிதலையும் மங்கலையும் மெதுவாக்கி மெதுவாக்கி, தூங்குகிறவர் மூச்சுப் போல நீளமாக்கிக் கொண்டுவந்தார்.

"நல்லாத்தானே எரியுது, போடுப்பா சுவிட்ச," என்றார் துரை.

"எரியுறப்ப போடக் கூடாதுங்க துரை. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இருக்கிற வரைக்கும்தான் இது எரியும். மூணும் அணையட்டும்."

மூன்றும் அணைந்தன. அந்த இருட்டின் நடுவில் அவர் சுவிட்சைப் போட்டார். குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை. இரண்டு இஞ்சின்களின் இரண்டு ஓசையும் ஒரே ஓசையாகியது, லைனில் ஆடி மழைக்குப் பிறகு முதல்முறையாக ஏழு மணிக்குமேல் விளக்கெரிந்தது. மறுநாள் பதினொன்றரைக்குத்தான் துரைசாணி உட்கார்ந்தார்.

முதல் வாரம் அதை வாயு என்றார்கள். எஸ்டேட் டாக்டர் எல்லோருக்கும் இஞ்சிக் கஷாயம் எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்றரை மணிக்கு இரண்டாவது எடை நேரம் வந்ததும் தன் தலையைத் தானே பிடித்துக்கொண்டு பெஞ்சில் படுத்தார். இரண்டாவது வாரம் மலைக்காற்று என்றார்கள். மூன்றாவது வாரம் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, யாரும் யாருக்கும் சொல்லித் தெரியவில்லை: வெள்ளை இஞ்சின் விளக்கு எந்த வீட்டில் எரிகிறதோ அந்த வீட்டுப் பெரியவர்கள் தலையில் ஆளுக்கொரு பாதிச் சாக்கு. பங்களாவிலேயே நாள் முழுவதும் நிற்கும் சமையற்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அவர் வீடு லைனில் இருந்தது. பிள்ளைகள் தலையில் ஏறவில்லை. எங்கள் பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதில் மலைக்கு அனுப்பிய எஸ்டேட்டில், இஞ்சினுக்கு அந்த அளவுக்கு ஈரம் இருந்தது.

சாக்கு மட்டும் ஏறவில்லை. ஏற்றத்தில் கால் வழுக்கும்போது அங்கே ஆபீஸில் நாற்காலி சறுக்கியது, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டபோது கிளப்பில் யாரோ காலை உதறினார்கள். எது பழக்கமானாலும் மனுஷர்கள் அதற்கு ஒரு பெயரும் ஒரு நேரமும் வைத்துவிடுவார்கள். 'எடை நேரம்' என்று அதற்குப் பெயர் வைத்து, பதினொன்றரைக்கும் மூன்றரைக்கும் ஆபீஸை மூடினார்கள், கிளப்பில் சீட்டுக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு வரிசையாகப் படுத்தார்கள், துரைசாணி விருந்துக்கு ஆள் கூப்பிடும்போது நாலு மணிக்குமேல் வாருங்கள் என்று எழுதினார். ஸ்டாஃப் வீட்டுப் பெண்கள் தலையில் வைத்துக்கொள்ளச் சும்மாடு தைத்தார்கள், ஒருத்தி அதில் சரிகைகூட வைத்தாள். எங்களில் ஒருத்தி ஆத்திரத்தில் சாக்குக்குள் ஒரு கருங்கல்லைப் போட்டுத் தூக்கினாள். பாதிக் கல் அவள் தலையிலேயே இருக்கிறது என்று தெரிந்ததும் வழியிலேயே எறிந்தாள்.

எங்கள் லைனுக்கு வந்து கேட்டவர் ஒரே ஒருவர்தான், ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்த மருத்துவச்சி ரெஜினாம்மா. வாசற்படியில் உட்கார்ந்து எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

"தெனமும் இப்படித்தானா?" என்றார்.

"தெனமுந்தாம்மா. உங்களுக்கு வாறது பாதி."

"நான் இத்தன வருஷமா உங்களுக்கு ஆளுக்கு ரெண்டு மாத்திரயக் குடுத்து அனுப்பியிருக்கேன்," என்று சொல்லி அழுதார். அவருக்காக அதன்பிறகு நாங்கள் ஏற்றத்தில் கொஞ்சம் நிதானமாகவே ஏறினோம்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கேளுங்கள். எத்தனையோ வருஷம் ஒரு கல்லுக்கு இடமில்லை என்ற துரை, ஒரே வாரத்தில் மலைப்பாதை நெடுக பதினோரு சுமைதாங்கி கட்டச் சொன்னார். அதில் ஒன்று ஒன்பதாம் நம்பர் வளைவில், நாங்கள் கேட்ட அதே நாலு செடி இடத்தில். வேலம்மாளுக்காக இல்லை. நாங்கள் சாக்கை இறக்கி வைத்தால் அவர் தலையும் அந்த இரண்டு நிமிஷம் நிமிரும், அதற்காக. கல்லை நட்ட அன்றைக்கு நாங்களாகவே மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வேலம்மாள் பெயரைச் சொல்லிக் கும்பிட்டோம், அவருக்காகக் கட்டியதை எடுத்து அவளுக்குக் கொடுத்தோம். முத்துக்கனி அந்தக் கல்லில் தினம் இரண்டு தடவை சாக்கை இறக்கி வைத்தாள். ஆறாவது மாதம் தாண்டியது. ஏழாவது மாதமும் தாண்டியது. வாயால் சொன்னால் கண்பட்டுவிடும் என்று நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எட்டாவது மாதத்தில்தான் வந்தது வினை. கிளப்பில் உட்கார்ந்திருந்த துரைக்கு அடிவயிறு கனத்தது, இடுப்பு விட்டுப்போனது, பிறகு உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அவரை ஓங்கி உதைத்தது. பக்கத்திலிருந்தவர்கள் பார்க்க அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யார் சாக்கு யார் தலையில் என்று அதுவரை எவருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது, எட்டு மாதமான பெண் மலையில் ஒருத்திதான். அவளை உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றியிருந்தால் அவர் வயிற்றுக் கனமும் குறைந்திருக்கும், ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியை எழுத அவருக்கு மனம் வரவில்லை. லைனில் இருக்கும் ஒருத்தியின் பிள்ளை தன் வயிற்றில் உதைப்பதா என்பதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. மறுநாள் காலை பதினொன்றேகாலுக்கு, மழையில் நனைந்துகொண்டே இஞ்சின் ரூமுக்கு வந்தார்.

"பிரிச்சிடு," என்றார்.

"கொழுந்து நெறய கெடக்குங்க துரை. பச்சை மட்டும் தாங்காது."

"கொழுந்து அழுகினா அழுகட்டும். எனக்கு என் இஞ்சின் தனியா வேணும். இப்பவே."

ஞானசிகாமணி சன்னல் வழியாக மலையைப் பார்த்தார். ஒன்பதாம் நம்பரில் நாங்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது அங்கிருந்து தெரியும். எனக்கு முன்னால் முத்துக்கனி, ஈர மண், கீழே பள்ளம்.

"சாயங்காலம் பிரிக்கலாங்க துரை. இப்ப பொம்பளைங்க தலையில சாக்கு ஏறியிருக்கு. பட்டுனு பிரிச்சா பாதி எட அப்பிடியே அவங்க மேல விழும், கால் வழுக்கும். என் வீட்டுக்காரியும் நடு ஏத்தத்துல நிக்கிறா. ஏற்கெனவே ரெண்டு போயிருச்சுங்க எங்களுக்கு."

"அதெல்லாம் உன் வீட்டு விஷயம். பிரின்னா பிரி."

ஞானசிகாமணி சன்னலை விட்டு சுவிட்சுப் பக்கம் வந்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்: "ரெண்டுல எத நிறுத்தணும்னு சொல்லிருங்க துரை."

"இது என்ன கேள்வி? என் இஞ்சின் ஒரு நிமிஷங்கூட நிக்கக் கூடாது. பங்களாவுல வெளக்கு அணையக் கூடாது. அந்தப் பச்சைய நிறுத்து."

"பச்சைய நிறுத்தணும்னா முதல்ல அதோட சுமைய எல்லாம் வெள்ளைக்கு மாத்தணும் துரை. சுமை காட்டுற முள்ளு பூஜ்யத்துக்கு வந்த பெறகுதான் சுவிட்ச எடுக்க முடியும். அதுதான் முறை."

"மாத்து. என்ன வேணா மாத்து. வெள்ளை நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

மூன்று முறை கேட்டாராம், மூன்று முறையும் அதே பதில். அந்த மனுஷர் தன் கரண்ட் தனக்கே வேண்டும் என்பதில் குறியாக இருந்தாரே தவிர, எது எங்கே போகும் என்று ஒரு நொடி நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்க்கும் வேலையை அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. ஞானசிகாமணி பச்சை இஞ்சினின் வேகச் சக்கரத்தைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினார், வெள்ளையின் சக்கரத்தைக் கால் சுற்று வலப்பக்கம். பச்சையின் முள் இறங்கியது. வெள்ளையின் முள் ஏறியது.

மலையில் என் சாக்கு லேசாகியது. இன்னும் லேசாகியது. எனக்கு முன்னால் போன முத்துக்கனி சாக்கு கிழிந்து கொழுந்து கொட்டுகிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். பாதையில் ஒரு இலைகூட இல்லை. தலையில் சாக்கு இருந்தது, அதில் எடை மட்டும் இல்லை. பிறகு அவள் வயிற்றில் கை வைத்தாள், முதுகை நிமிர்த்தினாள், அவ்வளவு உயரமானவள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அறுபத்திநாலு பேரும் அந்த ஏற்றத்தில் நிமிர்ந்து நின்று மழையில் நனைந்தோம். எங்களுக்குக் காரணம் தெரியவில்லை. தெரியாமலே சிலர் அழுதோம்.

இஞ்சின் ரூமில் துரை முதலில் சுவரைப் பிடித்தார், பிறகு முழங்காலில் உட்கார்ந்தார், பிறகு எண்ணெய்த் தரையில் கன்னம் படக் கிடந்தார். ஒரு முழுச் சாக்கு, ஒரு முழு ஏற்றம், எட்டு மாதம் முழுசாக, அத்தனையும் ஒரே ஆள் மேல். எங்களில் ஒருத்தி தினம் இரண்டு வேளை தூக்கியதுதான், அதற்குமேல் ஒரு பிடி கொழுந்து கூட இல்லை. பங்களாவிலும் ஆபீஸிலும் கிளப்பிலும் ஆட்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளை இஞ்சின் வாழ்நாளில் முதல்முறையாகக் கறுப்புப் புகை கக்கியது.

"பச்சை முள்ளு பூஜ்யத்துக்கு வந்திருச்சுங்க துரை," என்றார் ஞானசிகாமணி, சுவிட்சில் கை வைத்தபடி. "எடுத்துரவா? எடுத்தா இனி இப்பிடியேதான் நிக்கும்."

துரை தரையிலிருந்தே தலையை ஆட்டினார். வேண்டாம் என்று சொல்ல மூச்சு வரவில்லை.

"மறுபடி சமமா வைக்கவா?"

"வை... சீக்கிரம் வை."

"சீக்கிரம் வைக்க முடியாதுங்க துரை. அங்க ஏத்தத்துல பொம்பளைங்க நிக்கிறாங்க, பட்டுனு எறங்குனா வழுக்கிரும். மெதுவாத்தான் திருப்பணும்."

மெதுவாகத்தான் திருப்பினார். மயிரிழை அளவு ஒரு திருப்பு, சன்னல் வழியாக மலையைப் பார்ப்பது, எல்லோரும் நிற்கிறார்களா என்று தலை எண்ணுவது, பிறகு இன்னொரு மயிரிழை. இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தில் ஒரு சுடுசொல் அவர் வாயிலிருந்து வரவில்லை, துரை, துரை என்றுதான் பேசினாராம். எனக்கு அந்தப் பொறுமை இருந்திருக்காது, நான் சுவிட்சை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறாக்கியிருப்பேன்.

அன்று மத்தியானமே உத்தரவு வந்தது. முத்துக்கனிக்குக் காம்பு பொறுக்கும் வேலை. சாக்கு ஒன்றுக்கு இருபது கிலோவுக்கு மேல் கூடாது. பிரிப்பதைப் பற்றி அதன்பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. மார்கழி முதல் வாரம், பட்டப்பகலில், ரெஜினாம்மா கையில், முத்துக்கனிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். அவள் வலி எடுத்துக் கிடந்த ஆறு மணி நேரமும் பங்களாக் கதவு சாத்தியே இருந்தது, உள்ளேயிருந்து என்ன சத்தம் வந்தது என்று சமையற்காரர் கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, சிரிக்க மட்டும் செய்தோம்.

தை பிறந்து பத்து நாளில் கம்பங்களை நட்டு முடித்தார்கள், அடிவாரத்துக் கரண்ட் வந்தது. ஞானசிகாமணி இரண்டு இஞ்சின்களின் சுமையையும் சமமாகக் குறைத்து, இரண்டையும் சேர்ந்தாற்போல நிறுத்தினார். மறுநாள் காலை சாக்கைத் தூக்கினேன். பழைய எடை பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதே நாள் ஆபீஸ் பலகையில் தாள் ஒட்டினார்கள். இருபது கிலோ வரம்பு கிடையாது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வேலை மாற்றம் கிடையாது. சுமைதாங்கிகள் செடி வைக்கும் இடத்தை அடைக்கின்றன, பதினொன்றையும் பிடுங்க வேண்டும். கீழே துரையின் கையெழுத்து, அந்த 'ர'வின் வால்கூட நடுங்கவில்லை. அதுவரைக்கும் நான், அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாவம், நாம் படுவது தெரியாதவர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டியிருந்தேன். நாலு மாதம் தன் தலையில் சுமந்தார், தன் வயிற்றில் சுமந்தார், எண்ணெய்த் தரையில் விழுந்து கிடந்தார், எல்லாம் தெரிந்துகொண்டு, அதன்பிறகு எழுதினார் அதை. என் கோபம் அந்தத் தாளோடு ஒட்டியது, இன்றுவரை பிய்ந்து வரவில்லை.

ஒன்பதாம் நம்பர் கல்லைப் பிடுங்க நாலு ஆள் கடப்பாரையோடு வந்தார்கள், துரையும் தொப்பி போட்டுக்கொண்டு கூடவே வந்து நின்றார். பதினொன்றரை மணி. நாங்கள் ஆளுக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு கிலோ சுமந்துகொண்டு வளைவில் ஏறினோம். முத்துக்கனி பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை. கல்லைப் பிடுங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எஸ்தரைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அக்கா, சாக்கக் கொஞ்சம் எறக்குங்க," என்றாள் என்னிடம்.

கல்மேல் இறக்கப் போனேன். "அதுல வேண்டாம். இங்க," என்று துரையின் காலடியைக் காட்டினாள். அங்கேயே இறக்கினேன்.

"என்ன இது?" என்றார் துரை.

"தூக்கிப் பாருங்க துரை."

"எதுக்கு? என்ன வெளையாடுறியா?"

"எதுக்குன்னு தெரியாத மாதிரி கேக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச எடைதான். தூக்கிப் பாத்துட்டு, பெறகு கல்லப் புடுங்கச் சொல்லுங்க."

எனக்குப் பின்னால் நின்றவள் தன் சாக்கை என் சாக்குக்குப் பக்கத்தில் இறக்கினாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் இறக்கினாள். சாக்கு மண்ணில் உட்காரும் சத்தம் மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டது, அறுபத்து மூன்று சாக்கு, பாதையை அடைத்துக்கொண்டு. துரை எங்களைத் திட்ட வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து சத்தம் வருவதற்கு முன்னால், காலடியில் கிடந்த சாக்கைப் பார்த்த அந்த ஒரு பார்வையிலேயே, அவர் கழுத்து தானாக உள்ளே இறங்கியது, இடது தோள் தானாகச் சரிந்து கொடுத்தது, வலது கை போய் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்தது. இஞ்சின் இரண்டும் அப்போது கொட்டகையில் குளிர்ந்து கிடந்தன. அவர் தலையில் ஒன்றும் இல்லை.

எல்லோரும் அதைப் பார்த்தோம். கடப்பாரைக்காரர்களும் பார்த்தார்கள். அவரும், தன் கை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தார், பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே இறக்கத்தில் நடந்து போனார். நாலு பேரும் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு லைன் பக்கமாகப் போனார்கள். பிற்பாடு எடைக் கொட்டகையில் இருபது கிலோவுக்கு மேல் சாக்குக் கட்டச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை, கட்டவும் எங்களுக்குக் கை வரவில்லை.

வேலம்மாள் கல் இன்னும் அந்த வளைவில்தான் நிற்கிறது. நாலு செடி இடம்தான் அது.